லோடரின் ஓட்டையும் கபூர் பாயின் விரலும்

5-8-2002, திங்கள்

புழுக்கம். மழை வருவதுபோல் மூடிக்கொண்டு, வராமலே போய்விட்டது. தோல் காயப்போட்டவர்களுக்குச் சந்தோஷம், எனக்கு வேர்வை.

லோடர் வந்துவிட்டது. லாரியிலிருந்து பலகை போட்டு இறக்குவதற்குள் பாதி டேனரி கூடிவிட்டது. பழைய வண்டி. எந்த நாட்டில் ஓடியதோ, எத்தனை கை மாறியதோ. மேலே மட்டும் புது மஞ்சள் பெயின்ட், பளபளவென்று. வாசனைகூடப் போகவில்லை.

மேனேஜர்: "ஜெயசீலன், இனிமே இது உங்க பொறுப்பு. கசடுத் தொட்டி ரெண்டும் ரொம்பி நிக்குது. மழ பிடிக்கிறதுக்குள்ள காலி பண்ணணும்." இத்தனை நாள் இருபது பெண்கள் கூடையில் சுமந்த கசடு. இனி இந்த ஒரு வண்டி.

மறந்துவிடும், எழுதி வைக்கிறேன்:
– ஸ்டியரிங் கிடையாது. இரண்டு லீவர்.
– இடது சக்கரங்கள் முன்னே, வலது சக்கரங்கள் பின்னே. நின்ற இடத்திலேயே சுற்றுகிறது!
– முன்னால் வாளி. இரண்டு இரும்புக் கைகள் அதைத் தலைக்கு மேல் தூக்குகின்றன.
– தூக்குவதற்கு செயின் இல்லை, பெல்ட் இல்லை. எண்ணெய்தான்.

பத்தொன்பது வருஷமாக டிரம், பெல்ட், கியர் என்றே பிழைத்தவன் நான். எண்ணெய் என்றால் சொட்டும், வழியும், சட்டையைக் கெடுக்கும். அவ்வளவுதான் தெரியும். இன்று பிரஷர் கேஜ் போட்டுப் பார்த்தேன். வாளி நிறையப் பளு வைத்துத் தூக்கும்போது நூற்றைம்பது கிலோ காட்டியது. என் கட்டைவிரல் நகமளவு இடத்தில் இரண்டு மூட்டை அரிசி. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். டிரைவர் முனுசாமி, "மேஸ்திரி, ஈ பூந்துடும்" என்றான்.

6-8, செவ்வாய்

வெயில். வேலை அருமை. தொட்டியில் கால்வாசி காலி.

மாலையில் எண்ணெய் அளவுக் கண்ணாடியைப் பார்த்தேன். இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது. தரையில் ஒரு சொட்டு இல்லை. அப்படியானால் எங்கே போனது? வண்டியின் வயிற்றுக்கு அடியில் கை விட்டால் முழங்கை வரை எண்ணெய். அதன்மேல் சுண்ணாம்புத் தூசி, மாட்டு மயிர். எங்கிருந்து வருகிறது என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

சுகந்திக்குக் காலை டியூட்டி. ஆஸ்பத்திரியில் இன்று எட்டுப் பிரசவமாம், உட்காரவே இல்லையாம். நான் எண்ணெயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். "ஓட்ட இருந்தா அடைங்க, நர்ஸுகிட்ட ஏன் சொல்றீங்க" என்று தூங்கிவிட்டாள்.

வாங்க: கம்பிப் பிரஷ், டீசல் 5 லி., வேஸ்ட் துணி, சின்னவளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ்.

7-8, புதன்

சந்தேகம் 1: இடது சிலிண்டர் வாய். கழற்றி சீல் மாற்றியாயிற்று. மூன்று மணி நேரம். பெருமையோடு ஓட்டிக் காட்டினேன். மாலையில் பார்த்தால் அதே இரண்டு விரற்கடை.

சந்தேகம் 2: வால்வுப் பக்கத்து நட்டு. இறுக்கினேன். கைவலி மிச்சம்.

வண்டி சும்மா நிற்கும்போது காய்ந்து கிடக்கிறது. இரும்புக் கை மேலே போய், பளுவும் இருந்தால்தான் எங்கோ எண்ணெய் விடுகிறது. திருடன், வீட்டில் ஆள் இருக்கும்போது வருவதில்லை.

8-8, வியாழன்

டீசல் போட்டு வயிற்றைக் கழுவித் துடைத்து, ஃபினிஷிங் செக்‌ஷனிலிருந்து டால்கம் பவுடர் வாங்கித் தூவினேன். வண்டி கல்யாண மாப்பிள்ளைபோல் இருந்தது. பளு தூக்கிப் பார்த்தால் பவுடர் மொத்தமும் ஒரே சமயத்தில் ஈரம். சொட்டு இல்லை, கோடு இல்லை. பனி பெய்ததுபோல். சாரலாகத்தான் அடிக்கிறது. ஆனால் எங்கிருந்து? மூன்று எண்ணெய் ஹோஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த இரும்புக் கைக்குள் போகின்றன. மூன்றில் ஒன்று.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட கபூர் பாய் வந்தார். செலக்‌ஷனில் இருக்கிறார். தோலை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பவர். நானும் அவரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள், ஒரே டிபன் கேரியர் தோஸ்துகள். வெள்ளி டேனரி லீவு, அவருக்கு ஜும்மா. ஞாயிறு வேலை நாள், எனக்குக் கோயிலுக்காக இரண்டு மணி நேரம் பர்மிஷன். நான் இல்லாத நேரத்தில் என் மெஷின்களை அவர் பார்த்துக்கொள்வார். பார்ப்பது என்றால் திட்டுவது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மேஜையில் நின்று வேடிக்கை பார்த்தேன். ஆட்டுத் தோல் லாட். கண்ணை மூடிக்கொண்டு வலது ஆள்காட்டி விரலை ஓடவிட்டார். நின்றது. "உண்ணி கடிச்சது. ஆறிப் போன புண்ணு." நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால் கடுகில் பாதி ஒரு புள்ளி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனை தடவை பார்த்தாலும் சிலிர்க்கிறது. மேனேஜர் ஒரு தரம் உயர்த்திப் போடச் சொன்னால்கூடப் போடமாட்டார். "வெரல் சொல்றத மாத்தினா வெரலு கோச்சிக்கும் சார்" என்பார்.

9-8, வெள்ளி. லீவு.

மழைத் தூறல். வீட்டில் இருந்தேன், மனசு லோடருக்கு அடியில். குழம்பில் உப்பு கம்மி என்று சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

10-8, சனி. மா. 4 மணி. டேனரியிலேயே எழுதுகிறேன்.

பிடித்துவிட்டோம்!!

இரும்புக் கையை மேலே தூக்கி, அது விழாமல் சேனல் கம்பி முட்டுக் கொடுத்து, முனுசாமியை உள்ளே உட்காரவைத்து இன்ஜினை ஓடவிட்டேன். லீவரை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன், பிரஷர் ஏறட்டும் என்று. ஹோஸ்களில் சாரல் தெரிகிறது, பிறக்கும் இடம் தெரியவில்லை. டார்ச் அடித்தேன். கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சலித்துப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

கபூர் பாய் டீ கிளாஸோடு வந்தார். "இன்னா மேஸ்திரி, நாலு நாளா பேஜாரு பண்ணுதா? கண்ணுல தேடினா எப்டி கெடைக்கும்? தள்ளு." கிளாஸை என் கையில் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தோலைத் தடவுகிற அதே மாதிரி, ஆள்காட்டி விரலை முதல் ஹோஸில் ஓடவிட்டார். ஒன்றுமில்லை. இரண்டாவது. கிளாம்ப் அருகே போனதும் படக்கென்று நின்றார்.

"இங்க. எறும்பு கடிச்ச மாதிரி."

சாக்பீஸால் வட்டம் போட்டேன். இன்ஜினை நிறுத்தித் துடைத்துப் பார்த்தால், ஆமாம், ஹோஸ் இரும்பில் உரசித் தேய்ந்த இடம். நான்கு நாள், டால்கம் பவுடர், டீசல், சீல், அத்தனையும் தோற்றது. ஒரு விரல் ஜெயித்தது. டேனரியே கைதட்டியது. நான் அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன், எண்ணெய் நாற்றத்தோடு. நுனியில் சின்னதாக ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. "வலிக்குதா பாய்?" "அட போ மேஸ்திரி. கொசு ஜாஸ்தி கடிக்கும்."

இந்த மனுஷனின் விரலில் கர்த்தர் என்ன வைத்தாரோ. புது ஹோஸ் திங்கட்கிழமை வரும்.

11-8, ஞாயிறு

நேற்று எழுதியதைப் படித்தேன். கிழித்துப் போட நினைத்தேன். இருக்கட்டும். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதற்கு சாட்சி.

நேற்று ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனேன். சுகந்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெற்றியை விலாவாரியாகச் சொன்னேன். கைதட்டியது, முத்தம் கொடுத்தது, எறும்பு கடித்தது. எறும்பு என்றதும் அவள் கை நின்றது.

"என்ன கடிச்ச மாதிரி?"

"எறும்பு."

"வண்டி ஓடிட்டு இருந்துதா? எண்ணெய்ல பிரஷர் இருந்துதா? எவ்ளோ?"

"நூத்தம்பது கிலோ."

கீரையை அப்படியே தட்டோடு வைத்துவிட்டு எழுந்தாள். வேலூரில் படிக்கும்போது பார்த்தாளாம். பெயின்ட் அடிக்கிற ஸ்பிரே கன்னைச் சுத்தம் செய்த ஒருவர், இதே மாதிரி புள்ளி, வலி இல்லை, வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் வந்தார். விரலை எடுக்கவேண்டியதாகிவிட்டது. "அது கடிக்கலைங்க. எண்ணெய் உள்ள போயிருக்கு. ஊசி போட்ட மாதிரி. எழுந்திரிங்க." செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினோம், இரண்டு தெரு தள்ளித்தான் பாய் வீடு.

பாய் கட்டிலில். விரல் வெளுத்து வீங்கியிருந்தது. அவர் மனைவி மஞ்சள் பற்றுப் போட அரைத்துக்கொண்டிருந்தார். பாய் சிரிக்கப் பார்த்தார். "லேசா துடிக்குது சிஸ்டர், காலைல சரியாய்டும்." சுகந்தி அந்த விரலை அழுத்தவே இல்லை, பார்த்தாள், அவ்வளவுதான். "காலைல இல்ல பாய். இப்போ. வேலூருக்கு." என்னைப் பார்த்து, "கம்பெனி கார் கேளுங்க. என்ன எண்ணெய்ன்னு டாக்டர் கேப்பாங்க, டின்ன எடுத்துக்கங்க."

டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஆம்பூரிலிருந்து வேலூர் வரை போனேன். ரோடு அகலப்படுத்துகிறார்கள், பள்ளம் பள்ளமாக. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பாய் பல்லைக் கடித்தார். மாதனூர் வரை பேசிக்கொண்டு வந்தவர் பள்ளிகொண்டாவில் பேச்சை நிறுத்திவிட்டார். சுகந்தி அவர் கையை மேலே தூக்கிப் பிடித்தபடியே வந்தாள், ஒரு மணி நேரத்துக்கு மேல்.

நேராக ஆபரேஷன் தியேட்டர். முடிந்ததும் டாக்டர் வெளியே வந்து தன் உள்ளங்கையில் கோடு போட்டுக் காட்டினார். விரல் நுனியிலிருந்து உள்ளங்கை நடுவரை திறந்தார்களாம். "அந்தப் புள்ளி வழியா உள்ள போன எண்ணெய், தசைநாருக்கு மேல இருக்கற உறைக்குள்ளயே ஓடி இங்க வரைக்கும் வந்துடுச்சு. நாளைக்கு வந்திருந்தீங்கன்னா விரல் இல்ல." எண்ணெயைக் கழுவி எடுத்து, காயத்தை மூடாமலே கட்டியிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி கழுவுவார்கள்.

"விரலு நிக்கும்ங்களா? உணர்ச்சி வருமா?" என்று கேட்டேன்.

"விரல் நிக்கும்னு நம்பறோம். உணர்ச்சி இப்ப சொல்ல முடியாது."

கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஹோஸில். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விரலில். இரண்டுக்கும் நடுவில் தெரியாமல் ஒரு கத்தி. பயமா, பக்தியா, என்ன என்று சொல்லத் தெரியவில்லை. கோயிலுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயின் மனைவி தொழுதார், நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன்.

கண் திறந்ததும் பாய் கேட்ட முதல் கேள்வி: "மேஸ்திரி, ஓட்ட அங்கதான இருந்துச்சி?"

"அங்கேயேதான் பாய்."

"ம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே போய் அழுதேன்.

12-8, திங்கள்

புது ஹோஸ் வந்தது. மாட்டவில்லை. முதலில் அந்தச் சாரலின் வேகத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒரு வெறி. மேனேஜர் திட்டட்டும்.

ஆறடிக் கொம்பின் நுனியில் ஓர் ஆட்டுத் தோல் துண்டைக் கட்டினேன், பதப்படுத்திக் காய்ந்தது. எல்லோரையும் தூர நிற்கச் சொன்னேன். முனுசாமி லீவரை இழுத்தான், நான் கொம்பை நீட்டினேன். சத்தம் இல்லை. தோல் அசையக்கூட இல்லை. இன்ஜினை நிறுத்தி எடுத்துப் பார்த்தால் முன்பக்கம் ஒரு புள்ளி, பின்பக்கம் எண்ணெய் வட்டம். தோலைத் துளைத்து அந்தப் பக்கம் போயிருக்கிறது.

காட்டுமுள் கிழிக்காத ஆட்டுத் தோல். பாயின் விரல் எம்மாத்திரம்? எல்லோரும் தங்கள் கையைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். இந்த ஊரில் எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவோம். ஈரமா, காய்ந்ததா, மெலிசா, தடிமனா, எல்லாம் விரல்தான். அந்தப் பழக்கத்தில் நான்கூட அவரைத் தடுக்கவில்லை. கிளாஸை வாங்கிக்கொண்டு நின்றேன்.

13-8, செவ்வாய்

ஹோஸ் மாற்றியாயிற்று. பழையதை அறுத்து ஒரு முனையை அடைத்து, காற்றைக் கொடுத்து வாளித் தண்ணீரில் முக்கினேன். ஒரே ஓர் இடத்தில் பொடிப் பொடியாகக் குமிழி, நூல் பிடித்ததுபோல் வரிசையாக. எவ்வளவு அழகு! அழகு என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

டீசலில் வண்டியைக் கழுவும்போது இரும்புக் கைக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் உரிந்து வந்தது. அடியில் ஒரு ஸ்டிக்கர். ஒரு கை, அதை நோக்கிப் பாயும் ஒரு கோடு, குறுக்கே பெருக்கல் குறி. எழுத்து எந்த மொழியோ. படிக்கத் தேவையில்லை, படமே போதும். வண்டி முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எவனோ விற்பதற்காக வாயில் பெயின்ட் அடித்துவிட்டான். சுரண்டிச் சுத்தம் செய்து, பக்கத்தில் தமிழிலும் உருதுவிலும் எழுதவைத்தேன்: ஓடும்போது தொடாதே.

பாயின் காயத்தை இரண்டாவது தடவை கழுவியாகிவிட்டதாம். சுத்தமாக இருக்கிறதாம். ஸ்தோத்திரம்.

15-8, வியாழன்

கொடி ஏற்றினார்கள், ஆரஞ்சு மிட்டாய். வேலூர் போனேன். காயத்தை மூடித் தையல் போட்டாயிற்று. பாய் இடது கையால் பிரியாணி சாப்பிட மறுத்துவிட்டார், மனைவி ஊட்டினார். எனக்குச் சிரிப்பு. அவருக்கும்.

27-8, செவ்வாய்

பாய் வீடு திரும்பினார். தையல் பிரித்தாயிற்று. விரல் மடங்குகிறது, பாதி. தழும்பு நுனியிலிருந்து உள்ளங்கைக்கு வளைந்து வளைந்து போகிறது.

ஆனால் நுனி மரத்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், சூடான டீ கிளாஸை அந்த விரலால் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். மற்றவர்களாக இருந்தால் கையை உதறியிருப்பார்கள். சுகந்தி கிளாஸை வாங்கிக் கீழே வைத்தாள்.

செலக்‌ஷனில் அவர் இடத்தில் இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்கள். தரம் சரியில்லை என்று லாட் திரும்பி வருகிறது. மேனேஜர் கேட்டார், "பாய் எப்ப வருவாரு?" வருவார் என்றேன். வேறு என்ன சொல்வது.

8-9, ஞாயிறு

கோயில் முடிந்து சுகந்தியும் நானும் பாய் வீட்டுக்கு. தினமும் பயிற்சி கொடுக்கிறாள்: அரிசியில் கை விடுவது, வெல்வெட் துணி, உப்புத்தாள். பிறகு பரீட்சை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் நுனியைத் தொடுவாள், தொட்டேனா என்று கேட்பாள்.

"தொட்டீங்க."

"இப்போ?"

"தொட்டீங்க சிஸ்டர்."

பத்துக்குப் பத்து! எனக்கு உள்ளே பட்டாசு. பாயின் மனைவி அல்லாவுக்கு நன்றி சொன்னார். வீட்டுக்கு நடந்து வரும்போது சுகந்தி தெருமுனையில் சொன்னாள்: "கடைசி நாலு தடவ நான் தொடவே இல்லங்க. பஞ்ச காத்துல புடிச்சுட்டு இருந்தேன்."

இரண்டாம் தரத் தோலை முதல் தரம் என்று சொல்லாத மனுஷன். எவ்வளவு பயம் இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பார். அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. சுகந்தி மட்டும் மறுநாளும் போவேன் என்றாள்.

14-9, சனி

லோடர் இரண்டு தொட்டியையும் காலி செய்துவிட்டது. எண்ணெய் ஒரு நூல் இறங்கவில்லை. யாரும் கைதட்டவில்லை.

பாய் இன்று டேனரிக்கு வந்து தன் மேஜை அருகே நின்றார். தோலைத் தொடவில்லை. கையைப் பையில் விட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

20-9, வெள்ளி. லீவு.

நல்ல மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். சுகந்தி ஒரு குடை, நான் ஒரு குடை. பாய் ஜும்மா முடித்து வந்து உட்கார்ந்திருந்தார், தாடியில் தண்ணீர்.

சுகந்தி பஞ்சை எடுத்தாள். "கண்ண மூடுங்க பாய்."

நுனியின் இடது ஓரத்தில் தொட்டாள். பாய், "தெரில சிஸ்டர்" என்றார். "இத்தினி நாளு பொய் சொன்னேன். தெரில."

"பரவால்ல. எனக்குத் தெரியும்" என்றாள். மறுபடி அதே ஓரம். "தெரில." என்னால் பார்க்க முடியவில்லை, மழையைப் பார்த்தேன்.

மூன்றாவது தடவை மனசு கேட்கவில்லை. திரும்பினேன். பஞ்சு நகத்துக்கு ஓர் அங்குலம் மேலே காற்றில் நின்றிருந்தது. "இப்போ?" என்றாள்.

பாய் புருவத்தைச் சுளித்தார். தோல் தடவும்போது சுளிப்பாரே, அப்படி.

"நீங்க இன்னும் தொடவே இல்லியே."

அவள் வலது ஓரமாக, நகத்துக்குக் கீழே, பஞ்சை மெல்ல வைத்தாள். தொட்டேனா என்று கேட்கவில்லை.

"இப்ப" என்றார்.